ரிப்போர்ட்டில் குறைந்தும் ஏன் மூச்சு வாங்குகிறது?

வட ஆர்க்காட்டுப் பக்கம் வறட்டு இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால், டாக்டரிடம் போகும் முன்பே வீட்டில் யாராவது பெயர் வைத்துவிடுவார்கள்: “ஈஸ்னோபீலியாவா இருக்கும்.” வீசிங், இழுப்பு, டஸ்ட் அலர்ஜி எல்லாம் அந்த ஒரு பெயரில் அடக்கம். ரத்தத்தில் ஒரு எண் ஏறினால் நோய், இறங்கினால் குணம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

அந்தக் கணக்கை நம்பித்தான் ஆரணியில் பட்டுத் தறி நெய்யும் அண்ணன் ஒருவர் இரண்டு ரிப்போர்ட்டுகளோடு டீக்கடைக்கு வந்தார். நான் லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கிறவன் என்று அவருக்குத் தெரியும்.

“தம்பி, ஆடியில எடுத்தப்ப ஈஸ்னோபில் பதினாலு. இப்ப மூணு. இறங்கித்தானே இருக்கு? அப்புறம் ஏன் உங்க அண்ணி விடியகாலம் மூணு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறா?”

“அண்ணி பம்ப் இழுக்கறாங்களா?”

“அதான் இறங்கிடுச்சேன்னு நிறுத்திட்டா.”

இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு எத்தனையோ பேர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதை நான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சிவப்பணுக் கூட்டத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை அணுக்கள் தெரியும். நூறு வெள்ளை அணுக்களை வரிசையாகப் பார்த்து, எந்த வகை எத்தனை என்று குறிப்போம். இப்போது மெஷினே எண்ணிவிடுகிறது, ஆனால் சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டைத்தான் எடுக்கிறோம். நூறில் பாதிக்கு மேல் நியூட்ரோபில். ஈசினோபில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இருப்பது இயல்பு. அதை இனம் காண்பது சுலபம். உட்கரு இரண்டு குமிழாகப் பிரிந்திருக்கும், சுற்றிலும் ஒரே அளவான மணிகள் ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறத்தில் நெருக்கமாக நிறைந்திருக்கும். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அந்த நிறம் அலுக்கவில்லை.

அந்த நிறத்தைத் தருவது ஈயோசின் என்ற சாயம். பட்டு நெய்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு எப்போதுமே ஆசை. 1870-களில் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் வேதியியலாளர் ஹைன்ரிச் காரோ அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது துணிக்குச் சாயம் போடத்தான்; பட்டில் அது அழகான ரோஜா நிறமாக ஏறும். 1879-ல் பால் எர்லிக் என்ற இளம் டாக்டர் அதே சாயத்தை ரத்தத்தில் போட்டுப் பார்த்தபோது ஒரு வகை வெள்ளை அணு மட்டும் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. ஏன் என்பது சாயப்பட்டறைக்காரருக்கு விளங்கும். பட்டுக்குச் சாயம் போடும்போது தொட்டியில் கொஞ்சம் ஆசிட் விடுவார்கள். அப்போது பட்டின் புரதத்தில் நேர்மின் ஏற்றம் கூடும், எதிர்மின் ஏற்றமுள்ள சாயம் வந்து ஒட்டும். ஈசினோபிலின் மணிகளுக்குள் இருக்கும் புரதங்களோ இயல்பாகவே நேர்மின் ஏற்றம் நிறைந்தவை. சாயத்தைப் பிடிக்கும் அந்த ஏற்றம்தான் அவற்றின் ஆயுதமும். புழுவின் மேல்தோலில் கொட்டினால் புழு சாகும். மூச்சுக்குழாயின் உட்தோலில் கொட்டினால் அது உரிந்து போகும்.

“நாங்க போடற சாயமா?” என்று அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அதே இனம் அண்ணே.”

இனி முக்கியமான விஷயம். ஈசினோபில் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. ரத்தத்தில் அது இருப்பது ஒரு நாளைக்கும் குறைவு. பிறகு திசுக்களுக்குள் இறங்கி அங்கே பல நாள் தங்குகிறது. உடம்பிலுள்ள ஈசினோபில்களில் மிகப் பெரும்பகுதி எந்த நேரமும் திசுக்களில்தான் இருக்கிறது, நல்ல ஆரோக்கியத்தில் குடலில் அதிகம். ஆக, லேபில் நாங்கள் எண்ணுவது வழியில் போய்க்கொண்டிருப்பவற்றை. போய்ச் சேர்ந்தவை எங்கள் எண்ணிக்கையில் வராது. அண்ணிக்கு மூச்சு வாங்குவது போய்ச் சேர்ந்தவற்றால்.

எப்படிப் போய்ச் சேர்கின்றன? ரத்தக்குழாய் மூடிய குழாய். அதிலிருந்து வெள்ளை அணு வெளியே வரும் என்பதையே ஒரு காலத்தில் டாக்டர்கள் நம்பவில்லை. 1846-ல் இங்கிலாந்தில் அகஸ்டஸ் வாலர் உயிருள்ள தவளையின் நாக்கை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே விரித்து வைத்து, அணுக்கள் குழாய்ச் சுவரைத் தாண்டி வருவதைப் பார்த்து எழுதினார். 1867-ல் ஜெர்மனியில் ஜூலியஸ் கோன்ஹைம் அதைத் திரும்பச் செய்து காட்டி, புண்ணில் சேரும் சீழின் அணுக்கள் ரத்தத்திலிருந்து வருபவை என்று நிறுவினார். அதற்குப் பிறகுதான் ‘எப்படி’ என்ற கேள்விக்கே இடம் வந்தது. அதற்கான பதில் பெரும்பாலும் கடந்த 40 வருஷத்தில் கிடைத்தது.

தந்துகிகளைத் தாண்டியதும் வரும் சிறு சிரைகளில் ரத்தம் மெதுவாக ஓடும். மூச்சுக்குழாயில் வெள்ளை அணு வெளியேறுவது பெரும்பாலும் அங்கேதான். அண்ணியைப் போல ஆஸ்துமா உள்ளவர் வீட்டுத் தூசியை உள்ளே இழுக்கிறார் என்று வையுங்கள். மூச்சுக்குழாய்ச் சுவரில் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அது பட்டவுடன், சில நிமிடங்களில், சிரையின் உட்சுவர் தனக்குள் பதுக்கி வைத்திருந்த செலக்டின் என்ற புரதத்தை மேலே நீட்டும். ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டுமே, கொஞ்சம் இழுத்தால் விட்டுவிடும், அதற்குள் அடுத்தது ஒட்டும். செலக்டினின் பிடி அப்படித்தான். ரத்த ஓட்டத்தோடு விரைந்து போய்க்கொண்டிருந்த வெள்ளை அணு அதில் பட்டுப் பட்டு, வேகம் குறைந்து, சுவரோரமாக உருளத் தொடங்குகிறது.

உருளுவது எல்லா வெள்ளை அணுவும் செய்யும். ஆஸ்துமாவில் ஏன் ஈசினோபில் மட்டும் இவ்வளவு சேருகிறது என்பதற்குப் பதில் அடுத்த படியில் இருக்கிறது. அலர்ஜியில் கிளம்பும் லிம்போசைட்டுகளும் அவற்றின் கூட்டாளிகளும் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற தகவல் புரதங்களை விடுகின்றன. அவை பட்ட சிரைச் சுவர், சில மணி நேரத்தில் விகேம்-1 என்ற வேறொரு பிடியை வளர்க்கிறது. அதற்கு இணையான மறுபிடி ஈசினோபிலின் மேல் உண்டு, நியூட்ரோபிலின் மேல் அநேகமாகக் கிடையாது. ஆகவே நியூட்ரோபில் உருண்டு போய்விடும், ஈசினோபில் நின்றுவிடும். அதே நேரத்தில் மூச்சுக்குழாயின் உட்தோல் ஈயோடாக்சின் என்ற ஈர்ப்புப் பொருளைச் சுரக்கிறது. லண்டனில் 1994-ல் கினியாப் பன்றியின் நுரையீரலைக் கழுவிய நீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அது பட்டதும் ஈசினோபிலின் மேலுள்ள பிடிகள் நிமிர்ந்து இறுகிக்கொள்ளும். அணு தட்டையாகும். சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே ஒரு கால் போன்ற நீட்சியை நுழைக்கும். பிறகு உட்கருவையே நசுக்கி நீட்டி, சில நிமிடங்களில் முழு உடம்பையும் மறுபக்கம் இழுத்துக்கொள்ளும். வந்த இடத்தில் ஈயோடாக்சின் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். இதற்கிடையில் இன்டர்லூகின்-5 எலும்பு மஜ்ஜைக்குப் போய் இன்னும் ஈசினோபில் அனுப்பச் சொல்லும். வந்து சேர்ந்தவற்றைச் சாகாமல் வைத்திருப்பதும் அதுதான்.

உள்ளே வந்தவை மணிகளைக் கொட்டும், லூக்கோட்ரையீன்களை விடும். தசை இறுகும், சுவர் வீங்கும், சளி கெட்டியாகும். கடுமையான ஆஸ்துமாக்காரரின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நிறமில்லாத, இரண்டு முனையும் கூர்ந்த சிறு ஊசிகள் கிடக்கும். 1853-ல் ஷார்கோவும் 1872-ல் லைடனும் எழுதிய படிகங்கள் அவை. ஈசினோபில் உடைந்து சிதறும்போது அதிலிருந்து வெளியே வரும் கலெக்டின்-10 என்ற புரதம் அப்படிப் படிகமாகிறது. செத்த அணுவின் மிச்சம் என்றே ரொம்ப நாள் விட்டுவிட்டார்கள். பெல்ஜியத்தில் கென்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் அந்தப் படிகங்களே சளியையும் வீக்கத்தையும் கூட்டுவதை எலிகளில் காட்டினார்கள். படிகத்தைக் கரைக்கும் எதிர்ப்புரதங்களையும் செய்தார்கள்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அது சரி, ஏன் ராத்திரியில மட்டும்?” என்றார்.

சரியான கேள்வி. தூசி பட்டவுடன் வரும் இறுக்கம் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும், பலர் அதோடு மறந்துவிடுவார்கள். அணுக்கள் உருண்டு, நின்று, புகுந்து, கொட்ட நேரம் வேண்டும். அதனால் இரண்டாவது இறுக்கம் நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து வருகிறது. சாயங்காலம் பெட்டியைத் திறந்து பழைய துணி உதறியவர் நடுராத்திரியில் எழுந்து உட்காருவது இதனால். கூடவே, வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் நம் உடம்பில் நடுராத்திரியை ஒட்டித்தான் மிகக் குறைவு. டென்வர் நகரில் 1991-ல் ரிச்சர்ட் மார்ட்டின் குழு, இரவில் மூச்சு வாங்கும் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயை மாலை நான்கு மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் கழுவிப் பார்த்தது. விடியற்காலையில் ஈசினோபில் உட்பட அணுக்கள் கூடியிருந்தன.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ரெண்டாவது தடவை ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஊசி ஏதாவது போட்டாங்களா அண்ணே?”

“முந்தின நாள் சாயங்காலம் ரொம்ப வாங்குதுன்னு தூக்கிட்டு ஓடினோம். ரெண்டு ஊசி போட்டாங்க. அப்புறம்தான் கொஞ்சம் தூங்கினா.”

சீட்டைப் பார்த்தேன். அதில் ஒன்று டெக்ஸா, அதாவது ஸ்டீராய்டு. அது உடம்பில் ஏறினால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஈசினோபில் சரிந்துவிடும். மறுநாள் காலையில் எடுத்த ரத்தத்தில் மூன்று என்று வந்ததில் ஆச்சரியமே இல்லை. மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டவை அவ்வளவு சீக்கிரம் காலியாகாது. அந்த மூன்று, ஊசி வேலை செய்தது என்பதைச் சொல்கிறது. நோய் போனது என்று அது சொல்லவில்லை.

ரத்தமும் நுரையீரலும் வெவ்வேறு கணக்கு என்பதை நம் பக்கத்திலேயே கண்டிருக்கிறார்கள். ஈஸ்னோபீலியா என்ற பெயர் நம் வீடுகளுக்குள் வந்த கதையும் அதில்தான் இருக்கிறது. 1940-ல் மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட் முல்லரும் பார்ட்டனும் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். அப்போது அந்த இடம் சென்னை மாகாணத்தில் இருந்தது. காசநோய் என்று அனுப்பப்பட்ட சிலருக்கு எக்ஸ்ரே காசநோய் போலவே இருந்தது, ரத்தத்தில் மட்டும் ஈசினோபில் கொட்டிக் கிடந்தது. 1943-ல் வைன்கார்ட்டன் அதற்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயர் வைத்தார். ராத்திரி இருமல், வீசிங், கன மில்லிமீட்டருக்கு 3000-க்கு மேல் ஈசினோபில். ஆஸ்துமாவில் பெரும்பாலும் சில நூறுதான் இருக்கும். முதலில் ஆர்சனிக் ஊசி போட்டார்கள். 1950-களில் யானைக்கால் மாத்திரை கேட்பது தெரிந்தது. அப்படியென்றால் யானைக்கால் புழுவா காரணம்? நோயாளிகளின் ரத்தத்தில் புழுக்குஞ்சுகளே இல்லையே.

பதில் நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் வேலூரில் கிடைத்தது. சி.எம்.சி. மருத்துவமனையின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சுகளிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துச் சீவிப் பார்த்தார்கள். புழுக்குஞ்சுகள் அங்கே சிக்கிக் கிடந்தன, அவற்றைச் சுற்றி ஈசினோபில்கள் மொய்த்துக் கிடந்தன. 1960-ல் ‘லான்செட்’ இதழில் அது வந்தது. ரத்தத்தில் தேடிக் கிடைக்காதது திசுவில் இருந்தது. 

பிறகு சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயனும் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தினரும் சேர்ந்து, இந்த நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டுத் திரும்ப உறிஞ்சி அணுக்களை எண்ணினார்கள். சாதாரணமாக நூறில் ஒன்றுகூடத் தேறாத ஈசினோபில், பாதிக்கு மேல் இருந்தது. யானைக்கால் மாத்திரை கொடுத்தபின் இரண்டு வாரத்துக்குள் வேகமாகக் குறைந்தது. இது 1987-ல் வெளியானது. 1990-ல் அதே மையத்திலிருந்து வந்த அடுத்த கட்டுரைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மாத்திரை முழுதும் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆன சிலரின் நுரையீரலில் லேசான அழற்சி அப்போதும் மிச்சம் இருந்தது.

“அப்ப உங்க அண்ணிக்கும் யானைக்கால் மாத்திரை கொடுத்தா?” என்றார் அண்ணன். நம் பக்கம் பல வருஷமாக அப்படிக் கொடுத்திருக்கிறார்கள், கேட்பது நியாயம். அந்த மாத்திரை புழுவை ஒழிக்கும். புழுவே இல்லாத ஆஸ்துமாவில் அதற்கு வேலை இல்லை. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் டாக்டர் புழுவுக்கான சோதனை எழுதுவார், அது வேறு.

ஆஸ்துமாவில் இரண்டு வகை மருந்து. நீல நிறத்தில் வரும் சால்புட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும், ஐந்து நிமிடத்தில் மூச்சு விடும். அணுக்கள் இறங்குவதை அது தடுக்காது. தினமும் இழுக்கச் சொல்லும் ஸ்டீராய்டு பம்ப் வேறு மாதிரி. புடசோனைடு போன்ற அந்த மருந்து மூச்சுக்குழாய்ச் சுவரின் செல்களுக்குள் புகுந்து, ஈயோடாக்சினையும் இன்டர்லூகின்களையும் விகேம் பிடியையும் செய்யும் உத்தரவுகளை அடக்குகிறது. புதிதாக இறங்குவது குறையும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை, உயிர் காக்கும் இன்டர்லூகின்-5 கிடைக்காமல் தாமாகவே மடியும். இதற்கு நாள் பிடிக்கும், இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. பலர் இதை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் மனம் ரொம்பவே வலிக்கிறது, ஏனென்றால் உயிர் போகிற ஆபத்து நீலத்தை மட்டும் நம்புகிறவர்களுக்குத்தான் அதிகம். ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டிக் குழுவான ஜீனா, நீல வகையை மட்டும் தனியே கொடுக்க வேண்டாம் என்று 2019-ல் மாற்றி எழுதியது இதனால்.

எல்லா ஆஸ்துமாவும் ஈசினோபில் ஆஸ்துமா அல்ல. இன்டர்லூகின்-5-ஐக் கட்டிப்போடும் மெப்போலிசுமாப் ஊசியை 2000-ல் முதலில் சோதித்தபோது ரத்தத்தில் ஈசினோபில் விழுந்தது, மூச்சில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்த ஊசி வீண் என்றே பலர் நினைத்தார்கள். 2009-ல் கனடாவில் பரமேஸ்வரன் நாயர் குழுவும் இங்கிலாந்தில் லெஸ்டர் குழுவும் சளியில் ஈசினோபில் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் திடீர்த் தாக்குதல்கள் நன்றாகக் குறைந்தன. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை அதிகம், கடுமையான ஆஸ்துமாவுக்கு மட்டும்தான். அண்ணிக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை.

வீட்டைப் பற்றியும் பேசினோம். பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் எடுக்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமா வருவதை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1985-ல் எழுதியிருக்கிறார்கள். இலங்கையிலும் பட்டுத் தொழிலாளர்களிடம் பார்த்திருக்கிறார்கள். நம் தறிக்காரர் கைக்கு வருவது கூட்டிலிருந்து எடுத்து முறுக்கிய நூல். ஆகவே பட்டைச் சந்தேகிக்கும் முன் தறிக்குழியின் ஈரம், கரப்பான், உதறாத பாய் தலையணை, கொசுவத்தி இவற்றைப் பார்க்கச் சொன்னேன். விறகுப் புகையும் ரைஸ்மில் சாம்பலும் அலர்ஜி வழியில் போகாமலே சுவரை எரிச்சல்படுத்தும். அப்போது நியூட்ரோபில்கள் அதிகம் வரும், அவை ஸ்டீராய்டுக்குச் சரியாக அடங்குவதும் இல்லை. தார் சுற்றும் ராட்டையை அடுப்படியிலிருந்து தள்ளிப் போடுவது உடனே செய்யக்கூடிய காரியம்.

“பம்ப் எத்தனை நாள் இழுக்கணும்?”

“நிறுத்தினா சில வாரத்துல மறுபடி இறங்க ஆரம்பிச்சிடும் அண்ணே. மூணு மாசம் போல ராத்திரி எழுந்திருக்காம, நீலம் தேவைப்படாம இருந்தா டாக்டரே ஊதவெச்சுப் பார்த்து அளவைக் குறைப்பாரு.”

கடைசியாக, பம்ப் இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னது எதற்கு என்று கேட்டார். அண்ணி அதைச் செய்வதில்லையாம், தொண்டையில் வெள்ளையாகப் படிந்து கரகரப்பு வந்ததும் பம்பை விட ஒரு காரணமாம். இழுக்கும் மருந்தில் கணிசமான பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மூச்சுக்குழாய்ச் சுவரில் அணுக்களை அடக்கும் மருந்து அங்கேயும் அடக்கும், காவல் தளர்ந்த இடத்தில் காளான் படியும். இழுத்த கையோடு தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்பினால் அது வருவது குறையும். மருந்துக் கடையில் ஸ்பேசர் என்று கேட்டால் ஒரு பிளாஸ்டிக் குடுவை தருவார்கள். அதில் பம்பைச் செருகி இழுத்தால் தொண்டையில் தங்குவது குறைந்து உள்ளே போவது கூடும்.